முப்பரிமாணப் படம் தெளிவாக இருக்கிறது. உடம்பும் அப்படித்தான் இருக்கிறதா?

மலையகத் தோட்டங்களில் இருந்து 1977 வன்செயலுக்குப் பிறகும் 1983க்குப் பிறகும் வன்னிக்குப் போன குடும்பங்கள் ஏராளம். வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் காடு வெட்டிக் குடியேறியவர்களை 2009 வரை யுத்தம் துரத்தியது. அவர்களில் பலர் இன்றும் உடம்புக்குள் ஷெல் பீஸோடு வாழ்கிறார்கள்.

அப்படியான ஒருவர் தெஹியோவிட்டப் பக்கத்துத் தோட்டமொன்றில் உறவினர் வீட்டில் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பீஸ் இருப்பது இடுப்பில். வலி கூடுகிறது. கரவனெல்லைக்கோ அவிசாவளைக்கோ போனால் ஸ்கான் எடுக்கச் சொல்வார்கள். எந்த ஸ்கான்? இரும்பு கலந்த பீஸ் என்றால், எம்.ஆர்.ஐ. இயந்திரத்தின் வலுவான காந்தத்தில் அது அசையலாம், சூடேறலாம். கண்ணுக்கோ முள்ளந்தண்டுக்கோ அருகில் இருந்தால் ஆபத்து அதிகம். ஆகவே பெரும்பாலும் சீ.ரி. ஸ்கான்தான் வழி.

சீ.ரி.யிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. உலோகம் எக்ஸ்ரே கதிர்களை மறித்துவிடும். அதனால் பீஸைச் சுற்றிக் கறுப்பும் வெள்ளையுமாகக் கீறல்கள் விழும். எந்த இடத்தைப் பார்க்க வேண்டுமோ, அந்த இடமே மோசமாகத் தெரியும்.

கணினி செய்வது என்ன?

சீ.ரி. ஸ்கான், பாணைத் துண்டு துண்டாக வெட்டியது போல உடம்பை அடுக்கடுக்கான படங்களாகத் தருகிறது. செயற்கை நுண்ணறிவு மென்பொருள் ஒவ்வொரு அடுக்கிலும் உள்ள ஒவ்வொரு புள்ளியையும் எடுத்து, இது எலும்பா, தசையா, இரத்தக்குழாயா என்று கணிக்கிறது. பிறகு அவற்றை அடுக்கி முப்பரிமாண உருவம் ஒன்றைச் செய்கிறது. ஜேர்மனியின் ஃபிரைபேர்க் பல்கலைக்கழகத்தில் 2015இல் உருவான 'யூ-நெட்' என்ற முறை இதற்குப் பெரிய வழியைத் திறந்தது. சுவிற்சர்லாந்தின் பாசல் பல்கலைக்கழக வைத்தியசாலை ஆய்வாளர்கள் 1,204 சீ.ரி. படங்களை வைத்து உருவாக்கி 2023இல் ஆய்விதழில் வெளியிட்ட மென்பொருள், உடம்பின் 104 பாகங்களைத் தானாகவே பிரித்துக் காட்டியது.

மென்பொருள் 'எலும்பு' என்று நேரடியாகச் சொல்வதில்லை. 'எலும்பாக இருக்க நூற்றுக்கு 99 வாய்ப்பு', 'நூற்றுக்கு 51 வாய்ப்பு' என்றுதான் உள்ளே கணக்கிடுகிறது. ஆனால் பாதிக்கு மேல் போனதெல்லாம் கடைசி உருவத்தில் ஒரே வெள்ளை எலும்பாகிவிடுகிறது. இயந்திரத்துக்கு இருந்த சந்தேகம் திரைக்கு வரும்போது அழிந்துபோகிறது. பார்ப்பவர் கண்ணுக்கு எல்லா இடமும் ஒரே அளவு நிச்சயமாகத் தெரிகிறது.

சந்தேகம் எங்கிருந்து வருகிறது?

முதலாவது காரணம் படம். 5 மில்லிமீற்றர் தடிப்பான அடுக்குகளாக எடுத்த ஸ்கானில், நரம்புக்கும் பீஸுக்கும் இடையே உள்ள 2 மில்லிமீற்றர் இடைவெளி கலங்கிப்போகலாம். இரண்டாவது காரணம் பயிற்சி. உலோகம் இல்லாத உடம்புகளையே அதிகம் பார்த்துப் பழகிய மென்பொருள், கீறல் விழுந்த இடத்தில் தான் பழகிய வழமையான எலும்பின் வடிவத்தை வரைந்துவிடலாம். உருவம் அழகாக இருக்கும். ஆனால் அது இந்த மனிதரின் எலும்பு அல்ல.

மூன்றாவது காரணம், மனிதர்களே ஒத்துப்போவதில்லை என்பது. அமெரிக்காவில் 1,018 நெஞ்சு சீ.ரி. ஸ்கான்களை நான்கு நான்கு வைத்தியர்களாகப் பார்த்த ஒரு பெரிய சேகரிப்பு இருக்கிறது. 3 மில்லிமீற்றரோ அதற்கு மேலோ உள்ள கட்டி என்று ஒருவராவது குறித்த இடங்கள் 2,669. நான்கு பேரும் அப்படிக் குறித்தவை 928 மட்டுமே. இப்படியான படங்களில் பயிலும் இயந்திரம் ஒரே கோட்டை மட்டும் வரைந்தால், மற்ற வைத்தியர்களின் கருத்து காணாமல் போகிறது.

எப்படிக் காட்டலாம்?

எளிய வழி நிறம். நிச்சயமான இடம் ஒரு நிறம், சந்தேகமான இடம் இன்னொரு நிறம். இன்னொரு வழி இரண்டு தோல்கள்: 'நிச்சயமாக எலும்பு' என்பதற்கு உள்தோல், 'எலும்பாக இருக்கக்கூடும்' என்பதற்கு வெளித்தோல். இரண்டுக்கும் இடையிலான தூரமே சந்தேகத்தின் அளவு. மூன்றாவது வழி, தனித்தனியாகப் பயிற்றிய பல மென்பொருள்களிடம் ஒரே படத்தைக் கொடுத்து, அவை எங்கே முரண்படுகின்றன என்று பார்ப்பது.

இதிலும் எச்சரிக்கை தேவை. இயந்திரம் நூறு இடங்களில் '90 வீதம்' என்று சொன்னால் ஏறக்குறைய தொண்ணூறு சரியாக இருக்க வேண்டும். இன்றைய மென்பொருள்கள் பல, தேவைக்கு அதிகமான தன்னம்பிக்கையோடு பேசுபவை. எனவே நிறம் தீட்டினால் மட்டும் போதாது. அந்த நிறம் உண்மையா என்பதையும் சோதிக்க வேண்டும். எல்லா இடத்திலும் நிறம் தீட்டினால் சத்திரசிகிச்சை நிபுணர் குழம்பிப்போவார். கத்தி போகும் பாதையில் உள்ள சந்தேகமே அவருக்கு முக்கியம்.

நாம் செய்யக்கூடியவை

இங்கே எடுத்த ஸ்கான் நாளை கொழும்பிலோ வெளிநாட்டிலோ ஒரு மென்பொருள் வழியாகப் போகலாம். உடம்பில் பீஸ் இருந்தால், ஸ்கானுக்கு முன்பே வாய்விட்டுச் சொல்லுங்கள். காயம் தழும்பாகி முப்பது வருடமானாலும் சொல்லுங்கள். பழைய எக்ஸ்ரே, கிளினிக் கொப்பி, சத்திரசிகிச்சைத் துண்டு எதையும் எறிய வேண்டாம். மூன்று கேள்விகளைக் கேளுங்கள்: இந்த உருவத்தை மென்பொருள் வரைந்ததா? மூலப்படத்தை ஒரு வைத்தியர் பார்த்தாரா? எந்த இடம் சரியாகத் தெரியவில்லை?

ரிப்போட் ஆங்கிலத்தில் வருகிறது. விளக்கம் சிங்களத்தில் கிடைக்கிறது. வீட்டுக்கு வந்து தமிழில் சொல்லும்போது 'இருக்கலாம்' என்பது 'இருக்கு' என்று மாறிவிடுகிறது. அந்த ஒரு சொல்லை நம்பித்தான் ஒருவர் சத்திரசிகிச்சைக்கு ஓம் சொல்கிறார், அல்லது வேண்டாம் என்கிறார். 'இந்த இடம் எனக்குத் தெளிவில்லை' என்று ஒரு வைத்தியர் சொன்னால் அவரைக் குறைவாக நினைக்க வேண்டாம். நமக்குத் தெரிந்திருக்க வேண்டிய விடயத்தைத்தான் அவர் சொல்கிறார்.