கொலையாளிகள் விற்கும் கதைகள்

அமெரிக்க சரக்குந்து ஓட்டுநர் சங்கத்தின் முன்னாள் தலைவர் ஜிம்மி ஹோஃபா, 1975 ஜூலை 30 அன்று டெட்ராயிட் நகருக்கு அருகில் ஓர் உணவகத்தின் வாகன நிறுத்துமிடத்தில் கடைசியாகக் காணப்பட்டார். அவரது உடல் இன்றுவரை கிடைக்கவில்லை. ஆனால், அவரைக் கொன்றதாகச் சொல்லிக்கொண்டவர்களுக்குப் பஞ்சமில்லை.

ஹோஃபாவைச் சுட்டது தானே என்று பிராங்க் ஷீரன் கூறியதை சார்லஸ் பிராண்ட் 2004-இல் நூலாக வெளியிட்டார். மார்ட்டின் ஸ்கோர்செஸி இயக்கி 2019-இல் வெளிவந்த 'தி ஐரிஷ்மேன்' திரைப்படத்துக்கு அதுவே மூலம். 'பனிமனிதன்' என்று பெயரெடுத்த கூலிக் கொலையாளி ரிச்சர்ட் குக்லின்ஸ்கி, அதே ஹோஃபா கொலையில் தனக்கும் பங்குண்டு என்றார். பிலிப் கார்லோ எழுதி 2006-இல் வெளிவந்த நூலில் அது இடம்பெற்றது. இரு நூல்களும் நன்றாக விற்றன. இரண்டும் கடைக்கு வந்தபோது வாக்குமூலம் தந்த இருவருமே உயிருடன் இல்லை. குறுக்கு விசாரணை செய்ய யாரை அழைப்பது?

உண்மைக் குற்றக் கதைகளை நான் விரும்பிப் படிப்பவன். பொருளியல் பேராசிரியருக்கு இது பொருந்தாத பழக்கம் என்று நண்பர்கள் கேலி செய்வதுண்டு. எனக்கோ இது என் பாடத்தின் தொடர்ச்சியாகவே தோன்றுகிறது. ஏனெனில், இங்கே நடப்பது ஒரு வணிகம். சரக்கு, வாக்குமூலம். விற்பவர் கொலையாளி. எழுத்தாளரும் பதிப்பாளரும் தயாரிப்பாளரும் இடைத்தரகர்கள். வாசகர்களாகிய நாம் நுகர்வோர்.

பழைய கார்களின் சந்தை குறித்து ஜார்ஜ் ஏகர்லாஃப் 1970-இல் எழுதிய கட்டுரை பொருளியல் மாணவர்கள் அனைவரும் அறிந்தது. காரின் பழுது விற்பவருக்குத் தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. நல்ல காருக்கும் பழுதான காருக்கும் ஒரே விலை கிடைப்பதால், நல்ல கார் வைத்திருப்பவர் சந்தையை விட்டு விலகிவிடுகிறார். கொலைக் கதைகளின் சந்தையில் நிலைமை இன்னும் மோசம். இங்கே பழுதான சரக்குக்குத்தான் கூடுதல் விலை. இரண்டு கொலை செய்தவரின் உண்மைக் கதையை எவரும் சீண்டுவதில்லை. இருநூறு கொலை செய்ததாகச் சொல்பவருக்குத் தொலைக்காட்சி நேர்காணல் கிடைக்கிறது. குக்லின்ஸ்கி விரல்விட்டு எண்ணத்தக்க கொலைகளுக்கே நீதிமன்றத்தில் தண்டனை பெற்றார். சிறையில் நேர்காணல் தரத் தொடங்கிய பிறகு அவர் சொன்ன கணக்கு நூறு, இருநூறு என்று போனது.

மிகைப்படுத்தினால் யாருக்கு என்ன நட்டம் என்று கேட்கலாம். அதற்கு ஹென்றி லீ லூகாஸின் வழக்கு விடை தருகிறது.

1983-இல் டெக்சாஸில் கைதான லூகாஸ், தான் நூற்றுக்கணக்கான கொலைகளைச் செய்ததாகக் கூறத் தொடங்கினார். எண்ணிக்கை ஒரு கட்டத்தில் அறுநூறைத் தொட்டது. டெக்சாஸ் ரேஞ்சர்ஸ் காவல் படை அவருக்கென்றே தனிக்குழு அமைத்தது. பல மாநிலங்களிலிருந்து துப்பறிவாளர்கள் தங்களிடம் தேங்கிக் கிடந்த கோப்புகளுடன் வந்து காத்திருந்தனர். லூகாஸுக்குச் சிகரெட்டும் ஸ்ட்ராபெரி மில்க்ஷேக்கும் கிடைத்தன. விமானத்தில் ஊர் ஊராகச் செல்லும் வாய்ப்பும் கிடைத்தது. ஒப்புக்கொள்ளும்வரை சலுகை நீடிக்கும். மறுத்தால் மரண தண்டனைக் கைதியின் தனிமைதான் மிஞ்சும். அவருடைய இடத்தில் யார் இருந்தாலும் ஒப்புக்கொண்டே இருந்திருப்பார்கள்.

துப்பறிவாளர்களுக்கும் ஆதாயம் இருந்தது. ஒவ்வொரு வாக்குமூலமும் ஒரு கோப்பை மூடியது. இப்படி இருநூறுக்கும் மேற்பட்ட கொலை வழக்குகள் 'தீர்க்கப்பட்டவை' ஆயின. விசாரணையின்போது அவருக்கே கோப்புகளும் படங்களும் காட்டப்பட்டன. அவற்றில் கண்டதையே அவர் திருப்பிச் சொன்னார் என்பது பின்னர் தெரியவந்தது.

1985-இல் ஹியூ எய்ன்ஸ்வொர்த் என்ற செய்தியாளர், டல்லாஸ் டைம்ஸ் ஹெரால்ட் நாளிதழில் இதை உடைத்தார். அவர் செய்தது மிக எளிய வேலை. லூகாஸ் கொலை செய்ததாகச் சொன்ன நாள்களையும், அந்நாள்களில் அவர் உண்மையில் எங்கிருந்தார் என்பதற்கான வேலைப் பதிவு, சம்பளச் சீட்டு போன்ற ஆவணங்களையும் அருகருகே வைத்துப் பார்த்தார். பல கொலைகளின்போது அவர் வேறு மாநிலத்தில் இருந்திருக்கிறார். லூகாஸுக்கு மரண தண்டனை பெற்றுத்தந்த 1979-ஆம் ஆண்டுக் கொலை நடந்தபோது அவர் ஃபுளோரிடாவில் கூரை வேலை செய்துகொண்டிருந்ததாகப் பதிவுகள் கூறின. 1998-இல் அன்றைய டெக்சாஸ் ஆளுநர் ஜார்ஜ் டபிள்யூ. புஷ் அத்தண்டனையை ஆயுள் தண்டனையாகக் குறைத்தார். லூகாஸ் 2001-இல் சிறையில் இறந்தார்.

அவர் குற்றமற்றவர் அல்லர். பெற்ற தாயைக் கொன்றதற்காக முன்பே சிறை சென்றவர். ஆனால், அவர் செய்யாத கொலைகளைச் செய்தவர்கள் யாரோ இருந்தனர். கோப்பு மூடப்பட்டதால் அவர்களைத் தேடுவாரில்லை. கொலையுண்ட பெண்களின் குடும்பங்கள், குற்றவாளி பிடிபட்டுவிட்டான் என்ற தவறான ஆறுதலுடன் ஆண்டுக்கணக்கில் வாழ்ந்தன. பிற்காலத்தில் மரபணுச் சோதனை சில வழக்குகளில் வேறு ஆள்களைக் காட்டியது. நுகர்வோருக்கு இதில் நட்டம் சில டாலர்கள். முழு நட்டத்தையும் சுமந்தவர்கள் இந்தப் பேரத்தில் பங்கே இல்லாதவர்கள். பொருளியலில் இதைப் புறவிளைவு என்போம். அந்தச் சொல் இங்கே மிகவும் வறண்டதாகத்தான் ஒலிக்கிறது.

கொலையாளிக்குப் பணம் போவதையாவது தடுக்கலாமே என்று நியூயார்க் மாநிலம் 1977-இல் ஒரு சட்டம் இயற்றியது. 'சன் ஆஃப் சாம்' என்று தன்னை அழைத்துக்கொண்ட தொடர் கொலையாளியின் கதைக்குப் பெரும் விலை பேசப்படலாம் என்ற அச்சமே காரணம். குற்றத்தைப் பற்றி எழுதி ஈட்டும் பணத்தைத் தனிக் கணக்கில் வைத்து, பாதிக்கப்பட்டோர் கோரிப் பெற வழி செய்தது அச்சட்டம். அதை உச்சநீதிமன்றம் வரை கொண்டுசென்றது, மாஃபியா கும்பலைச் சேர்ந்த ஹென்றி ஹில் பற்றி நிக்கோலஸ் பிலெகி எழுதிய 'வைஸ்கை' நூலின் பதிப்பகம். 'குட்ஃபெல்லாஸ்' திரைப்படமாக 1990-இல் வந்த அதே கதைதான். ஹில்லின் முகவருக்கு அப்பதிப்பகம் 96,250 டாலர் கொடுத்திருந்தது. 1991-இல் நீதிமன்றம், பேச்சுரிமைக்கு முரணானது என்று சட்டத்தை ரத்து செய்தது. இச்சட்டத்தின்படி, இளமையில் பேரிக்காய் திருடியதை எழுதிய புனித அகஸ்தீனின் நூலும் சிக்கிக்கொள்ளும் என்று தீர்ப்பு சுட்டிக்காட்டியதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. வாதம் சரியானதே.

நம் ஊரிலும் இத்தகைய வழக்கு நடந்தது. மரண தண்டனைக் கைதியாக இருந்த ஆட்டோ சங்கர் எழுதிய தன்வரலாற்றை நக்கீரன் இதழ் வெளியிட முனைந்தது. அதிகாரிகள் பலருடன் அவருக்கிருந்த நெருக்கத்தை அது பேசுவதாகச் சொல்லப்பட்டது. நூல் போலியானது என்று கூறிச் சிறைத்துறைத் தலைமை அதைத் தடுக்கப் பார்த்தது. பொது ஆவணங்களில் உள்ள செய்திகளை ஒருவரின் ஒப்புதல் இல்லாமலேயே வெளியிடலாம். அதைத் தாண்டினால் தனியுரிமையை மீறுவதாகும். அவதூறு நேரும் என்று அஞ்சி முன்கூட்டியே தடை விதிக்க அதிகாரிகளுக்கு உரிமையில்லை என்று உச்சநீதிமன்றம் 1994 அக்டோபரில் தீர்ப்பளித்தது. இன்று தனியுரிமை பற்றிப் பேசும் எவரும் மேற்கோள் காட்டும் தீர்ப்பு அது. நீதிபதிகள் பொது ஆவணத்தை அளவுகோலாக எடுத்ததை நான் முக்கியமாகக் கருதுகிறேன். லூகாஸை அம்பலப்படுத்திய சம்பளச் சீட்டும் அந்த வகைதானே!

தடையும் வேண்டாம், கண்மூடித்தனமான நம்பிக்கையும் வேண்டாம் என்றால் என்ன செய்வது? சிசிலியின் நீதிபதி ஜொவான்னி பால்கோனே 1984-இல் செய்ததைப் பார்க்கலாம். மாஃபியாவின் முக்கியப் புள்ளி தொம்மாசோ புஷெத்தா அவரிடம் மனம் திறந்தார். புஷெத்தாவுக்கும் உள்நோக்கம் இருந்தது. எதிர்க்கும்பல் அவரது குடும்பத்தினரைக் கொன்று குவித்திருந்தது. எனவே பால்கோனே அவர் சொன்னதை அப்படியே ஏற்கவில்லை. வங்கிக் காசோலைகள், பயணப் பதிவுகள், பிறரின் சாட்சியம் ஆகியவற்றோடு ஒப்பிட்டே பதிவு செய்தார். 1986-இல் பலெர்மோவில் தொடங்கிய பெருவழக்கில் முந்நூறுக்கும் மேற்பட்டோர் தண்டனை பெற்றனர். 1992 மே 23 அன்று நெடுஞ்சாலையில் குண்டு வைத்து மாஃபியா பால்கோனேவைக் கொன்றது. மனைவியும் மூன்று காவலர்களும் அவருடன் மாண்டனர்.

ஷீரனின் கதையும் சோதிக்கப்பட்டது. ஹோஃபாவைச் சுட்டதாக அவர் சொன்ன டெட்ராயிட் வீட்டின் தரைப்பலகையில் படிந்திருந்த இரத்தத்தை ஆய்வு செய்தபோது, அது ஹோஃபாவுடையது அல்ல என்று 2005-இல் தெரிந்தது. அதற்குப் பின்னும் படம் எடுக்கப்பட்டது. நானும் பார்த்தேன், மூன்றரை மணி நேரம். வேறொருவர் சொன்ன கதையை நம்பி, 2021 அக்டோபரில் எஃப்.பி.ஐ. நியூ ஜெர்சியில் ஒரு பழைய குப்பைமேட்டை ஆய்வு செய்தது. அடுத்த ஆண்டு ஜூலையில், எதுவும் கிடைக்கவில்லை என்று அறிவித்தது.