குறைத்துக் காட்டாத வேகமானி

காரை உதிரிபாகங்களாக வாங்கி, வீட்டுக் கொட்டகையில் தாமே பொருத்திக்கொள்வோர் பிரிட்டனில் கணிசமாக உள்ளனர். 'கிட் கார்' எனப்படும் இவ்வழக்கம் பரவியதற்கு வரியும் ஒரு காரணம். 1957-இல் அறிமுகமான லோட்டஸ் செவன் போன்ற கார்களை உதிரிகளாக வாங்கினால் அக்காலத்துக் கொள்முதல் வரி இல்லை. 1973-இல் மதிப்புக்கூட்டு வரி வந்து அச்சலுகை மறைந்தபோதும் ஆர்வம் மறையவில்லை. அங்கு வசிக்கும் என் முன்னாள் மாணவர் ஒருவர் அத்தகைய கார் ஒன்றைக் கட்டத் தொடங்கியதால், அதன் வேகமானி பற்றிய கணக்கு என்னிடமும் வந்து சேர்ந்தது.

இத்தகைய கார்கள் சிலவற்றில் மோட்டார் சைக்கிள் என்ஜினைப் பொருத்துகிறார்கள். எடை குறைவு, கியர்பெட்டியும் அதனுடனேயே வந்துவிடும். சிக்கல் வேகமானியில்தான். அண்மைக்கால மோட்டார் சைக்கிள்கள் பலவற்றில் வேக உணரி, சக்கரத்தை அல்ல, கியர்பெட்டியிலிருந்து வெளிவரும் அச்சின் சுழற்சியையே எண்ணுகிறது. அவ்வச்சு ஒருமுறை சுழன்றால் வண்டி எவ்வளவு நகரும் என்பது வேகமானிக்குள் முன்பே பதிக்கப்பட்ட அனுமானம்.

எடுத்துக்காட்டாக, முன் பல்சக்கரத்தில் 17 பற்களும் பின்னதில் 43 பற்களும், பின்சக்கரச் சுற்றளவு 1.98 மீட்டரும் உள்ள மோட்டார் சைக்கிள், அச்சின் ஒரு சுழற்சிக்கு ஏறத்தாழ 78 செ.மீ. நகரும். அதே என்ஜின் காரில் 3.62 விகிதமுள்ள டிஃபரன்ஷியலையும் 1.735 மீட்டர் சுற்றளவுள்ள சக்கரத்தையும் சுழற்றும்போது 48 செ.மீ. மட்டுமே நகரும். உண்மையில் 60 மைல் வேகத்தில் செல்லும் காரில் முள் 98-ஐக் காட்டும்.

சாலையில் ஓட்டுவதற்கு முந்தைய அரசுச் சோதனையில் இது தேறாது. வேகமானி உண்மை வேகத்தைவிட 10 சதவீதமும் அதற்குமேல் 6.25 மைலும் கூடுதலாகக் காட்டலாம். 60 மைலுக்கு 72.25 வரை பிழையில்லை. ஆனால் ஒரு மைல்கூடக் குறைத்துக் காட்டக் கூடாது. பிழையின் அளவைவிட அதன் திசையே ஆபத்து என உணர்ந்த விதி இது. விலைவாசிக் குறியீட்டெண்களுக்கும் இப்படியொரு விதி இருந்தால் என்ன என்று எண்ணத் தோன்றுகிறது.

தீர்வுகள் இரண்டு. உணரிக்கும் வேகமானிக்கும் இடையே துடிப்புகளைக் குறைத்து அனுப்பும் சிறு மின்னணுப் பெட்டியை வைக்கலாம். நம் எடுத்துக்காட்டில் சுமார் 39 சதவீதம் குறைக்க வேண்டும். அல்லது சக்கரத்துடன் சுழலும் போல்ட்டுகளை எண்ணும் புதிய உணரியையும், கிலோமீட்டருக்கு எத்தனை துடிப்பு என்று நாமே பதிவு செய்யத்தக்க வேகமானியையும் பொருத்தலாம். நான் பரிந்துரைத்தது இரண்டாவதை; இதில் அனுமானங்கள் குறைவு.

அப்போதும் டயரில் அச்சிட்ட எண்ணிலிருந்து சுற்றளவைக் கணக்கிடுவது போதாது. பாரத்தில் டயர் சற்று அமுங்கும். ஓட்டுநரை அமரவைத்து, டயரிலும் தரையிலும் சுண்ணக்கட்டியால் குறியிட்டு, பத்துச் சுற்று தள்ளி அளப்பதே முறை. 17 மீட்டர் வந்தால் சுற்றளவு 1.70, கிலோமீட்டருக்கு 588 சுற்று, நான்கு போல்ட்டுகளுக்கு 2,353 துடிப்பு. ஒப்புதல் பெறாத காரைச் சாலையில் ஓட்டிச் சரிபார்க்க வழியில்லை என்பதால், இந்த நாடா அளவையே நம்ப வேண்டியிருக்கிறது.

மாணவர் 3 சதவீதம் கூட்டிக் காட்டுமாறு அமைத்துள்ளார். டயர் தேய்ந்தால் சுற்றளவு குறைந்து இது இன்னும் சற்றுக் கூடும், அதில் குற்றமில்லை. பெரிய டயர் மாட்டினால்தான் குறைத்துக் காட்டத் தொடங்கும். அன்று மீண்டும் சுண்ணக்கட்டியை எடுத்தாக வேண்டும்.