புல்தரைக்கு அடியில் ஒரு மின்சுற்று

அமெரிக்காவில் பல வீடுகளின் புல்தரைக்கு அடியில் நீர்த்தெளிப்புக் குழாய்கள் புதைக்கப்பட்டுள்ளன. சுவரிலுள்ள ஒரு பெட்டி, குறித்த நேரத்தில் ஒவ்வொரு வால்வாகத் திறக்கும். அதற்கான மின்கம்பி ஈர மண்ணுக்குள்ளேயே ஓடுகிறது. ஆபத்தில்லையா என்று நீங்கள் கேட்கலாம்.

அங்கே வீட்டு மின்னழுத்தம் 120 வோல்ட். ஒரு மின்மாற்றி அதை 24 வோல்ட்டாகக் குறைத்த பின்னரே கம்பி மண்ணுக்குள் இறங்குகிறது. ஆகவே 6 அங்குல ஆழம் போதும் என்கிறது அந்நாட்டு மின்விதி. ஆனால் மண்வெட்டிக்கு விதி தெரியாது. இன்னும் ஆழமாகப் புதைப்பதே நல்லது.

இவ்வளவு குறைந்த மின்னழுத்தம் குழாய்நீரின் அழுத்தத்தை எதிர்த்து வால்வைத் திறப்பது எப்படி? திறப்பது உண்மையில் தண்ணீரேதான். வால்வுக்குள் ஒரு ரப்பர் சவ்வு இருக்கிறது. அதன் மேலே தேங்கிய நீர் அதை அழுத்தி வழியை மூடி வைத்திருக்கும். மின்சாரம் பாய்ந்ததும் வரிச்சுருள் ஒரு சிறு இரும்புத் தண்டை உயர்த்துகிறது. ஊசித்துளை போன்ற ஒரு வழி திறந்து மேல்நீர் வடிகிறது. உடனே கீழ்நீர் சவ்வைத் தூக்கிவிடுகிறது.

சுருளின் மின்தடை 30 ஓம் என்று கொள்வோம். ஓம் விதிப்படி 0.8 ஆம்பியர் ஓட வேண்டும். ஆனால் தொடக்கத்தில் சுமார் 0.4, பிறகு சுமார் 0.2 ஆம்பியர்தான் ஓடுகிறது! பாய்வது மாறுதிசை மின்னோட்டம் அல்லவா? சுருளின் தன்மின்தூண்டல் அதை எதிர்க்கிறது. இரும்புத் தண்டு முழுவதும் உள்ளே இழுக்கப்பட்டதும் எதிர்ப்பு இன்னும் கூடுகிறது. தண்டு சிக்கிக்கொண்டால் மின்னோட்டம் குறையாது, சுருள் சூடேறும்.

மின்னோட்டம் இவ்வளவு சிறியதாக இருப்பதால் 1 மில்லிமீட்டர் விட்டமுள்ள செம்புக்கம்பியே போதும். 100 மீட்டர் தொலைவுக்குப் போக வர 200 மீட்டர் கம்பி. அதன் மின்தடை சுமார் 4.4 ஓம். தொடக்கத்தில்கூட 2 வோல்ட்டுக்கும் குறைவாகவே இழப்பு. ஆறு வால்வுகளுக்குப் பன்னிரண்டு கம்பிகளும் வேண்டாம். திரும்பும் வழி எல்லாவற்றுக்கும் பொதுவானால் ஏழே போதும்.

கம்பி எளிதில் கெடாது. கெடுவது இணைப்புதான். வெறும் ஒட்டுநாடா சுற்றினால் ஈரம் நுழைந்து செம்பில் களிம்பேறும், மின்தடை கூடும். சுருள் ரீங்காரமிடும், தண்டோ எழாது. அதனால் இணைப்பை நன்றாக முறுக்கி, நீர்புகாப் பசை நிறைந்த மூடிக்குள் செருகுகிறார்கள்.

பழுதைக் கண்டுபிடிக்கப் புல்தரை முழுவதையும் தோண்டவேண்டியதில்லை. பெட்டியில் கம்பிகளைக் கழற்றி, பொதுக்கம்பிக்கும் ஒவ்வொரு வால்வுக் கம்பிக்கும் இடையே ஓம்மானியை வையுங்கள். சுமார் 35 ஓம் காட்டினால் நலம். பல மடங்கு கூடினால் இணைப்பில் களிம்பு. முடிவிலி என்றால் எங்கோ அறுந்திருக்கிறது. பூச்சியத்தை நெருங்கினால் குறுக்குச்சுற்று. எல்லா வால்வுகளுமே முடிவிலி காட்டினால் பொதுக்கம்பியைத்தான் முதலில் பார்க்கவேண்டும்.