ரத்தத்தில் அமிலம் ஏறுமா?

"டாக்டர், உடம்புல ஆசிட் ஜாஸ்தியாயிடுச்சு. தினமும் ஆப்பசோடா கலந்து குடிச்சா ரத்தம் சுத்தமாகுமாமே?" என்று கேட்பவர்கள் அநேகம். வயிற்றில் சுரக்கும் அமிலம் வேறு, ரத்தத்தின் அமிலநிலை வேறு. இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள்!

அமிலத்தை அளக்கும் அளவுக்கு பி.எச். என்று பெயர். 7-க்குக் கீழே அமிலம், மேலே காரம். நம் ரத்தம் 7.35-க்கும் 7.45-க்கும் நடுவிலேயே நிற்கும். ஆரோக்கியமானவர் புளிக்குழம்பு சாப்பிட்டாலும் சரி, எலுமிச்சை ஜூஸ் குடித்தாலும் சரி, இது மாறாது. காரணம், ரத்தத்தில் உள்ள 'பஃபர்'. பள்ளிக்கூடத்தில் தாங்கல் கரைசல் என்று படித்திருப்பீர்களே, அதுதான்!

ரத்தத்தின் முக்கிய பஃபர் ஜோடி, பைகார்பனேட்டும் கரியமில வாயுவும். கணக்கு சுலபம். ஒரு லிட்டரில் பைகார்பனேட் 24 மில்லிமோல். கரைந்துள்ள கரியமில வாயு 1.2. வகுத்தால் 20. அதன் மடக்கை 1.3. இந்த ஜோடிக்கே உரிய எண் 6.1. இரண்டையும் கூட்டினால் 7.4!

சோதனைச்சாலையில் 7.4 வேண்டுமென்றால், உரிய எண் அதற்குப் பக்கத்தில் இருக்கும் ஜோடியைத்தான் தேர்ந்தெடுப்பார்கள். பாஸ்பேட்டுக்கு 6.8. அதை விட்டுவிட்டு 6.1-ஐ உடம்பு ஏன் நம்புகிறது? ரத்தத்தில் பாஸ்பேட் கொஞ்சம்தான். தவிர, சோதனைக்குழாய் மூடிய பாத்திரம், உடம்பு அப்படியில்லை. மிஞ்சும் கரியமில வாயுவை நுரையீரல் மூச்சில் வெளியேற்றும். செலவான பைகார்பனேட்டைச் சிறுநீரகம் ஈடுகட்டும்.

இது தெரிந்தால் ஓர் உயிரைக் காப்பாற்றலாம். எப்படி? இன்சுலின் போடும் சர்க்கரை நோயாளி அதை நிறுத்திவிட்டால், கீட்டோன் அமிலங்கள் ரத்தத்தில் சேரும். பைகார்பனேட் 12 ஆகக் குறைந்தால், விகிதம் 10, பி.எச். 7.1. ஆபத்து! உடனே நுரையீரல் வேகமாக வேலை செய்து கரியமில வாயுவை 0.75-க்கு இறக்கினால், விகிதம் 16, பி.எச். 7.3. ஓரளவு சமாளிப்புதான், குணமல்ல.

ஆகவே, சர்க்கரை நோயாளிக்கு வாந்தி, வயிற்றுவலி, அடங்காத தாகம், மூச்சில் பழ வாசனை, ஆழ்ந்து வேகமாக மூச்சு வாங்குதல் இவையெல்லாம் தெரிந்தால், 'ஆஸ்துமா', 'அஜீரணம்' என்று வீட்டிலேயே வைத்திருக்காதீர்கள். சித்த வைத்தியன் நானே சொல்கிறேன்: அந்த நேரத்தில் கஷாயம் தேட வேண்டாம். 108-ஐக் கூப்பிட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

ஆப்பசோடாவா? அதில் சோடியம் இருக்கிறது. ரத்தக்கொதிப்பு, சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு ஆகாது. மற்றவர்களும் தினசரிப் பழக்கமாக்க வேண்டாம். நெஞ்செரிச்சல் அடிக்கடி வந்தால் காரணத்தைக் கண்டுபிடித்து வைத்தியம் பாருங்கள்.