முதியோர் எண்ணிக்கை கூடுது... 'ரிட்டையர்மென்ட் வில்லேஜ்' கம்பெனி ஷேரும் ஏறுமா? முதலீட்டாளர்கள் சொல்வது என்ன?

சிவகாசி, விருதுநகர் பக்கம் பல வீடுகளில் இப்போ இதுதான் நிலைமை. பிள்ளைகள் சென்னையிலோ பெங்களூருவிலோ, இல்லன்னா வெளிநாட்டிலோ. வீட்டில் அப்பா, அம்மா மட்டும். "இனிமே முதியோர் குடியிருப்புக்குத்தான் காலம், அந்த கம்பெனி ஷேரை இப்பவே வாங்கிப் போடுங்க" என்று யாராவது சொன்னால், கையில் பிஎஃப் பணம் வைத்திருப்பவருக்கு அது நியாயமாகத்தான் படும்.

கணக்கும் அதற்கு ஒத்துப்போகிறது. மத்திய அரசின் 2021 அறிக்கைப்படி, தமிழ்நாட்டில் 60 வயதைக் கடந்தவர்கள் 13.6 சதவீதம். 2031-ல் இது 18.2 சதவீதமாகும் என்று கணிப்பு. கேரளாவுக்கு அடுத்த இடம் நமக்குத்தான்.

ஆனால் முதியோர் கூடினால் ஷேரும் கூடுமா? இதே நம்பிக்கையில் வாங்கிய நியூசிலாந்து முதலீட்டாளர்கள் பட்ட பாட்டைப் பார்த்தால் தெரியும்.

ரைமனுக்கு என்ன ஆச்சு?

ரைமன் ஹெல்த்கேர் 1984-ல் தொடங்கி, 1999-ல் பங்குச்சந்தைக்கு வந்த நிறுவனம். இங்கே முதியவர் வீட்டை சொந்தமாக வாங்குவதில்லை. பெரிய தொகை கட்டி, குடியிருக்கும் உரிமையை மட்டும் வாங்குகிறார். அவர் காலி செய்தாலோ, இறந்தாலோ, ஒரு பங்கை கட்டணமாகப் பிடித்துக்கொண்டு மீதியை கம்பெனி திருப்பித் தரும். பிறகு அதே வீடு அடுத்தவருக்கு, பெரும்பாலும் கூடுதல் விலைக்கு.

இதில் ஒரு சூட்சுமம். கட்டடங்களின் மதிப்பு உயர்ந்தால், அந்த உயர்வும் லாபக் கணக்கில் சேரும். பருப்பு, வத்தல், எண்ணெய் வியாபாரம் பார்த்த விருதுநகருக்கு இதை சொல்லித்தர வேண்டியதில்லை. குடோனில் கிடக்கும் மூட்டைக்கு விலை ஏறினால் கணக்கில் லாபம்தான். ஆனா கல்லாவுக்கு காசு வந்துச்சா?

2021 அக்டோபர் தொடக்கத்தில் 0.25 சதவீதமாக இருந்த நியூசிலாந்தின் அடிப்படை வட்டி, 2023 மே மாதத்துக்குள் 5.5 சதவீதமானது. வீட்டு விலை சரிந்தது. பழைய வீட்டை விற்றால்தானே முதியவர் புது இடத்துக்கு பணம் கட்ட முடியும்? அது தாமதமானது. கம்பெனி தலையிலோ பெரிய கடன்.

2023 பிப்ரவரியில் ரைமன் டிவிடெண்டை நிறுத்தி, பங்கு ஒன்று 5 டாலருக்கு வெளியிட்டு, 90.2 கோடி நியூசிலாந்து டாலர் திரட்டியது. இரண்டே ஆண்டில் இன்னொரு 100 கோடி. இந்த முறை விலை 3.05 டாலர். 2021 தொடக்கத்தில் இதே ஷேர் 15 டாலர் அளவில் விற்றது!

அத்தனைக்கும் அங்கே முதியோர் எண்ணிக்கை ஒரு நாளும் குறையவில்லை.

நம்ம ஊரில் எப்படி?

இந்தியாவில் இந்தத் தொழிலை மட்டும் செய்யும் பெரிய லிஸ்டட் கம்பெனி தேடினாலும் கிடைப்பது கஷ்டம். முதியோர் குடியிருப்புக்குப் பேர்போன கோவையில்கூட பலவும் தனியார் நிறுவனங்களே. சந்தையில் அடிக்கடி பேசப்படுவது இரண்டு பெயர்கள். ஒன்று ஆஷியானா ஹவுசிங். சென்னை அருகே மறைமலைநகரில் இதன் 'சுபம்' குடியிருப்பு இருக்கிறது. ஆனால் இது வீட்டை நேரடியாக விற்கும் கம்பெனி, சாதாரண குடும்பங்களுக்கும் கட்டுகிறது. சாவி கொடுக்கும் காலாண்டில் வருமானம் குதிக்கும், அடுத்ததில் படுத்துவிடும். இன்னொன்று 'அந்தரா' பெயரில் முதியோர் குடியிருப்பும் பராமரிப்பும் நடத்தும் மேக்ஸ் இந்தியா. சமீப ஆண்டுகளில் நஷ்டத்தில்தான் ஓடுகிறது.

முதலீட்டாளர்கள் இரண்டாகப் பிரிவதும் இங்கேதான். 'தேவை நிச்சயம், பத்து வருஷம் காத்திருக்கலாம்' என்பது ஒரு தரப்பு. 'அதுவரை புதுப் பங்கு வெளியிட்டு நம்ம பங்கின் அளவைக் குறைச்சிடுவாங்களே' என்பது இன்னொரு தரப்பு. ரைமன் கதையைப் பார்த்தால் இரண்டாவது தரப்பின் பயத்தை லேசில் தள்ள முடியாது. ஓய்வுக்காலப் பணத்தைப் போடும் 60 வயதுக்காரருக்கு பத்து வருஷக் காத்திருப்பு சின்ன விஷயமும் இல்லை.

வாங்கும் எண்ணம் இருந்தால் லாபத்தோடு நிற்காமல், ஆண்டறிக்கையில் 'கேஷ் ஃப்ளோ' பக்கத்தையும் கடன் தொகையையும் பாருங்க. டிப்ஸ் கொடுப்பவர் பதிவு பெற்ற ஆலோசகர்தானா என்பதை செபி இணையதளத்தில் பெயர் போட்டு இலவசமாகவே தேடலாம்.