மீட்டர் யார் கையில பாஸ்?

திருப்பாதிரிப்புலியூர் ஸ்டேஷன்ல இறங்கி தேவனாம்பட்டினம் போறீங்க. ரேட் சொல்றது யாரு? ஸ்டாண்ட்ல நிக்கிற ஆட்டோ அண்ணன்தான். கட்டுப்படியாகலையா... பேரம் பேசலாம். படியலைன்னா ஷேர் ஆட்டோ!

படிப்பை முடிச்சிட்டு சென்னைக்குப் போனா கதையே வேற. செல்போன்ல ஒரு தொகை வரும். அதை வெச்சது டிரைவரும் இல்ல, அரசாங்கமும் இல்ல. ஆப் நடத்துற கம்பெனி!

இந்த நாட்டாமை வேலை அவங்க கைக்கு எப்படிப் போச்சு? 2013 ஆகஸ்ட்டில் சென்னை ஆட்டோக்களுக்கு அரசு கட்டணம் அறிவித்தது. முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய், அப்புறம் கிலோமீட்டருக்கு 12 ரூபாய். பெட்ரோல் விலை எங்கேயோ போயிடுச்சு. கட்டணம் மட்டும் அசையலை. பொறுத்துப் பார்த்த தொழிற்சங்கங்கள் 2025 பிப்ரவரியில் தாங்களே 50 ரூபாய், 18 ரூபாய்னு அறிவிச்சாங்க. அரசு அதை ஏற்கலை. நாற்காலி காலியா இருந்தா யாராவது உட்காரத்தானே செய்வாங்க!

சரி, இது ஏகபோகமா? 'எல்லா டிரைவருக்கும் ஒரே சாஃப்ட்வேர் விலை வைக்குதே, இது கூட்டு சேர்ந்து விலை வைக்கிறது ஆகாதா?'ன்னு ஓலா, ஊபர் மேல வழக்கு வந்தது. டிரைவர்கள் தங்களுக்குள்ள ஒப்பந்தம் போட்டுக்கலையேன்னு 2018-ல் இந்தியப் போட்டி ஆணையம் புகாரைத் தள்ளுபடி செய்தது. 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றமும் அந்த முடிவை மாற்றலை. அதுபோக ராபிடோ, நம்ம யாத்ரின்னு போட்டிக்கும் ஆள் இருக்கு.

ஆனா போட்டி இருந்தா மட்டும் போதுமா? எந்த ஆப்பா இருந்தாலும் உள்ளே அதுதான் சட்டம். யாருக்கு சவாரி, யாருக்கு எத்தனை ஸ்டார், யாரோட ஐ.டி.யை முடக்குறதுன்னு எல்லாமே அது வெச்சதுதான். நாளைக்கே நீங்க பார்ட் டைமா பைக் டாக்ஸி ஓட்டலாம். ஒரு காலையில ஐ.டி. முடங்கிப் போனா யார்கிட்ட போய் நியாயம் கேட்பீங்க?

2025 ஜூலையில் வந்த மத்திய அரசு வழிகாட்டுதல்படி அடிப்படைக் கட்டணத்தை மாநில அரசுதான் நிர்ணயிக்கணும். ஆப்கள் அதில் பாதிக்குக் கீழேயும் போகக் கூடாது, இரண்டு மடங்குக்கு மேலேயும் போகக் கூடாது. தமிழ்நாட்டில் இப்படி வேலை பார்க்கிறவங்களுக்காக 2023-லேயே நல வாரியமும் வந்தாச்சு.

ஆக, ஆப் வேணாம்னு யாரும் சொல்லலை. ரூல் போடுறவங்களைக் கேள்வி கேட்க ஒரு இடம் வேணும், அவ்வளவுதான். அடுத்த தடவை புக் பண்ணும்போது ரெண்டு ஆப்பைத் திறந்து ரேட்டை ஒப்பிட்டுப் பாருங்க. அப்படியே டிரைவர் அண்ணன்கிட்ட, 'உங்க கைக்கு எவ்வளவுண்ணா வரும்?'னும் ஒரு வார்த்தை கேளுங்க. பாடப் புத்தகத்துல இல்லாத பொருளாதாரம் அங்கே கிடைக்கும்!