கல்பாசிக்குள் குடியிருப்போர்

பாலாற்று நீரைத் தேக்கி நிற்கும் பேத்தமங்களா ஏரி, கோலார் தங்கவயலுக்குக் குடிநீர் ஊட்டிய ஏரி. அந்நீரைப் பருகிச் சுரங்கத்தில் இறங்கிய தமிழ்த் தலைமுறைகள் பல. 2001-இல் சுரங்கங்கள் மூடப்பட்டன. பாறையைக் குடைந்து பொன் எடுத்த நாம், பாறையின் மேல் தேமல்போலப் படர்ந்திருக்கும் லைக்கன் என்னும் உயிரைப் பொருட்படுத்தியதில்லை. ஆயினும் அது நமக்கு அந்நியமன்று. அடுக்களையில் மணக்கும் கல்பாசி அந்த இனத்தைச் சேர்ந்ததே. கன்னடக் கடைகளில் ‘கல்லு ஹூவு’ என்றும், மராட்டியக் கடைகளில் ‘தகட் பூல்’ என்றும் கேட்டால் கிடைப்பதும் அதுவே.

பெயரில் பாசி இருப்பினும் அது பாசி மட்டுமன்று. பூசணமும் பாசியும் கூடி நடத்தும் குடித்தனம் அது. பாசி, சூரிய ஒளியைக் கொண்டு உணவு சமைக்கிறது. பூசணம், வீடு கட்டி ஈரம் காக்கிறது. ஷ்வெண்டனர் என்ற ஸ்விட்ஸர்லாந்து அறிஞர் 1860-களின் இறுதியில் இதனை எடுத்துரைத்தபோது பலர் ஏற்க மறுத்தனர்.

அவ்வீட்டில் வேறு குடிகளும் உண்டு என்பது பின்னரே தெளிவாயிற்று. லைக்கனுக்குத் தீங்கு செய்யாமல் அதனுள்ளே ஒண்டி வாழும் பூசணங்கள் அவை. லைக்கனை நன்கு கழுவி, மேற்புறக் கிருமிகளை மருந்து நீரால் நீக்கி, சிறு துண்டுகளாக நறுக்கி, சத்துக் கூழ் பரப்பிய கண்ணாடித் தட்டில் வைத்தால், சில நாட்களிலோ வாரங்களிலோ உட்குடிகள் தலைநீட்டும். நெருக்கமான வீட்டில் பிற நுண்ணுயிர்களோடு போட்டியிட வேண்டியிருப்பதால் அவை பலவகை இரசாயனப் பொருள்களை ஆக்குகின்றன என்பது விஞ்ஞானிகளின் கருத்து.

அப்பொருள்களைப் பற்றிய முதல் அறிக்கை 2007-இல் வெளிவந்தது. இலங்கை களனிப் பல்கலைக்கழகத்தின் பிரியாணி பரணகம, அமெரிக்க அரிசோனாப் பல்கலைக்கழகத்தின் லெஸ்லி குணதிலக முதலியோர் அதன் ஆசிரியர்கள். தாடிபோல் தொங்கும் ஒரு லைக்கனுள் வாழ்ந்த பூசணத்திலிருந்து அவர்கள் பிரித்த பொருள்களுள் ஒன்று, புற்றுநோய் அணுக்கள் இடம்பெயர்வதை ஆய்வுக்கூடத்தில் தடுத்தது. சென்னையில் டி. எஸ். சூரியநாராயணன் போன்ற பூசண இயல் அறிஞர்களும் இத்துறையில் ஈடுபட்டு எழுதியுள்ளனர்.

ஆய்வுக்கூடத் தட்டில் வென்றது மருந்தாகிவிடாது. மனித உடலுக்கு ஏற்றதா என்ற சோதனை நெடியது. லைக்கனில் உண்டாகும் உஸ்னிக் அமிலம் சேர்ந்த உடல் மெலிவிப்பு மாத்திரைகளை உண்டோர் சிலருக்கு ஈரல் பழுதுபட, 2001-இல் அமெரிக்க அரசு எச்சரிக்கை விடுத்தது. கறிக்கு வாசனையூட்டும் கல்பாசியை நோய்க்கு மருந்தென்று கஷாயமிடுவது அறிவுடைமையன்று.

லைக்கன் ஆண்டிற்குச் சில மில்லிமீட்டரே வளர்வது. பாறையைச் சுரண்டி எடுத்தால் மீண்டும் படர நெடுங்காலமாகும். உள்ளே வாழும் பூசணமோ கண்ணாடிக் குடுவையில் விரைந்து பெருகும். ஆகவே ஆராய்ச்சிக்கு நகத்தளவு துண்டு போதும். பொன் எடுத்த பாறையில் பள்ளம் மிஞ்சியது. இந்தச் செல்வத்தையோ, பாறையை வெறுமையாக்காமலே பெறலாம்.